கவர்னர் ஒரு கட்சி, துணைக் கவர்னர் எதிர்க்கட்சி: 1978 கலிபோர்னியா தேர்தல் பற்றி ஒரு கேள்வி

பாலக்கோடு மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். துணை முதல்வர் என்ற பதவியே நம் அரசியலமைப்பில் இல்லை என்று ஒரு வரி வந்தது. சரி, வேறு நாடுகளில் எப்படி என்று தேடிப் போனால், அமெரிக்க மாநிலங்களில் லெப்டினன்ட் கவர்னர் என்ற பதவிக்கு மக்களே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதுச்சேரியில் இருக்கும் துணைநிலை ஆளுநர் ஜனாதிபதி நியமிக்கிற ஆள், அதுவும் இதுவும் வேறு, அந்த வித்தியாசம் தெரியும்.

என் சந்தேகம் 1978 நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்த தேர்தல் பற்றி. ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி பிரவுன் 13 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாவது முறையாகக் கவர்னர் ஆகிறார். அதே நாளில் அதே மக்கள் துணைப் பதவிக்கு மட்டும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் மைக் கர்ப் என்பவரை ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். இப்படி எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேரை மேலும் கீழும் உட்கார வைத்தால் நிர்வாகம் எப்படி நடக்கும்? மக்கள் ஏன் பிரித்துப் போட்டார்கள்? நம் நாட்டில் இந்த மாதிரி அமைப்பு எங்காவது இருக்கிறதா? விவரம் தெரிந்த அண்ணன்மார்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

ஒசூர் சிப்காட்:

தம்பி, நல்ல தேர்தலைப் பிடித்திருக்கிறாய். அந்த நாலு வருஷம் கலிபோர்னியாவில் நடந்தது அரசியல் பிடித்தவர்களுக்கெல்லாம் விருந்து.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள். மைக் கர்ப் அரசியல்வாதியே இல்லை, பாட்டு ரெக்கார்டு கம்பெனி நடத்தியவர், ஜெயித்தபோது வயது 33. அவரிடம் தோற்றவர் மெர்வின் டைமலி, 1974-ல் பிரவுனோடு சேர்ந்து ஜெயித்துத் துணைக் கவர்னராக இருந்தவர். டிரினிடாட் தீவில் பிறந்தவர், தந்தை வழியில் இந்திய வம்சாவளி, தாய் வழியில் ஆப்பிரிக்க வம்சாவளி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த மறுசீரமைப்புக் காலம் முடிந்த பிறகு ஒரு கறுப்பினத்தவர் துணைக் கவர்னராக ஜெயித்தது அந்த 1974-ல்தான், இவர் கலிபோர்னியாவில், ஜார்ஜ் பிரவுன் என்பவர் கொலராடோவில். அப்பேர்ப்பட்ட ஆளை 1978-ல் ஒரு வதந்தி சாய்த்தது. இவர் மேல் குற்றப்பத்திரிகை வரப்போகிறது என்று தேர்தல் நேரத்தில் பரப்பிவிட்டார்கள். கடைசி வரை வழக்கே போடப்படவில்லை, ஆனால் ஓட்டு போனது போனதுதான். அப்புறம் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய் 1981-லிருந்து 1993 வரை இருந்தார். ஆக மக்கள் ஏன் பிரித்துப் போட்டார்கள் என்ற உன் கேள்விக்கு ஒரு பாதி பதில் இது. மறு பாதி, அங்கே கவர்னருக்கு ஒரு ஓட்டு, துணைக்கு வேறு ஓட்டு, இரண்டும் வேறு வேறு போட்டி. ஒருவரைப் பிடித்து இன்னொருவரைப் பிடிக்காவிட்டால் பிரித்துப் போட வழி இருக்கிறது, போட்டார்கள்.

சரி, நிர்வாகம் எப்படி நடந்தது? கலிபோர்னியா அரசியலமைப்பில் ஒரு வரி இருக்கிறது. கவர்னர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் துணைக் கவர்னர்தான் கவர்னர் வேலையைப் பார்ப்பார். ரயிலும் போனும் இல்லாத காலத்து ஏற்பாடு அது. பிரவுனுக்கோ ஜனாதிபதி ஆக வேண்டும் என்று ஆசை, 1980-ல் அப்போதைய ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்துத் தன் கட்சிக்குள்ளேயே போட்டியிட்டவர், அதனால் அடிக்கடி வெளி மாநிலப் பயணம். அவர் விமானம் ஏறினால் இங்கே நாற்காலி எதிர்க்கட்சிக்காரர் கையில்.

1979-ல் பிரவுன் வாஷிங்டன் போயிருந்த நேரம் கர்ப் ஒரு காரியம் செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அர்மாண்ட் அரேபியன் என்பவரை நீதிபதியாக நியமித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரவுன் திரும்பி வந்ததும் அந்த நியமனத்தை வாபஸ் வாங்கி வேறு ஒருவர் பெயரை அனுப்பினார். விவகாரம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பாலக்கோடு மாணவன்:

அண்ணா, தீர்ப்பு என்ன ஆனது? இரண்டு பேரில் யார் பக்கம்?

ஒசூர் சிப்காட்:

1979 டிசம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பாதி கிடைத்தது. பிரவுன் தரப்பு வாதம், இந்தக் காலத்தில் போன் இருக்கிறது, விமானம் இருக்கிறது, வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டே கவர்னர் வேலையைப் பார்க்கலாம், அதனால் வெளியே போனார் என்பதற்காகவே அதிகாரம் கைமாறக் கூடாது என்பது. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அரசியலமைப்பில் மாநிலத்தை விட்டு வெளியே என்று எழுதியிருக்கிறது, வெளியே என்றால் வெளியேதான், அந்த நேரத்தில் துணைக் கவர்னருக்குக் கவர்னரின் முழு அதிகாரமும் உண்டு என்று சொல்லிவிட்டது. அதே சமயம், நீதிபதி நியமனத்தை அதற்கென்று உள்ள ஆணையம் உறுதி செய்கிற வரைக்கும் அது முடிந்துபோன விஷயம் இல்லை, திரும்பி வந்த கவர்னர் அதற்குள் வாபஸ் வாங்கலாம் என்றும் சொன்னது. அதனால் பிரவுனின் வாபஸ் செல்லும்.

அரேபியனுக்கு அப்போது கிடைக்காத பதவி பின்னால் கிடைத்தது, 1990-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஆனார். கர்ப் 1982-ல் கவர்னர் பதவிக்கு நிற்கப் பார்த்து, கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே ஜார்ஜ் டியூக்மேஜியனிடம் தோற்றார். 1986-ல் பழைய துணைப் பதவிக்கே திரும்ப நின்றார், அதிலும் தோல்வி.

இப்போதும் அந்த மாநிலத்தில் இரண்டு பதவிக்கும் தனித்தனி ஓட்டுதான். ஆனால் அமெரிக்கா முழுக்க அப்படி என்று எழுதிவிடாதே. பல மாநிலங்களில் கவர்னரும் துணையும் ஒரே ஜோடியாக நிற்பார்கள், ஒரே ஓட்டு இரண்டு பேருக்கும் போகும். ஓரிகனில் இந்தப் பதவியே கிடையாது. டெக்சாஸில் தனி ஓட்டு மட்டும் இல்லை, செனட் சபையில் எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், குழுவில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் லெப்டினன்ட் கவர்னர் கையில், கவர்னரைவிட இவருக்குத்தான் பலம் அதிகம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

பென்னாகரம் ரோடு:

தம்பி, நம் நாட்டில் எங்காவது உண்டா என்று கேட்டாயே, கோட்டையைப் பார்க்காதே, உன் ஊர் ஊராட்சி அலுவலகத்தைப் பார்.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது, 2020 ஜனவரி 11 அன்று துணைத் தலைவர் தேர்தல். தலைவருக்கு ஓட்டுப் போட்டது ஊர். துணைக்கு ஓட்டுப் போட்டது ஆறு பேரோ ஒன்பது பேரோ. தலைவர் தேர்தலில் தோற்ற கோஷ்டிக்கு வார்டில் பெரும்பான்மை கிடைத்துவிட்டால் துணைத் தலைவர் அந்தக் கோஷ்டி ஆள். கலிபோர்னியாவில் கவர்னர் ஊரை விட்டுப் போனால்தான் பிரச்சினை. இங்கே தலைவர் ஊரிலேயே உட்கார்ந்திருந்தாலும் பிரச்சினை, ஏனென்றால் செக்கில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஊராட்சி, பெயர் வேண்டாம். தலைவர் தனித் தொகுதியில் ஜெயித்த பெண், நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். துணைத் தலைவர் ஊரில் பெரிய குடும்பம். கோடையில் போர்வெல் மோட்டார் காயில் எரிந்துபோனது. மெக்கானிக் வந்து மோட்டாரை மேலே ஏற்றி, பாலக்கோட்டுக்குக் கொண்டுபோய் காயில் கட்டி, திரும்ப இறக்கிக் கொடுத்துவிட்டார். பில்லும் கொடுத்தார். தலைவர் கையெழுத்துப் போட்டாயிற்று. செக் துணைத் தலைவர் வீட்டுக்குப் போனது, அங்கேயே இருந்தது. இன்றைக்கு நேரமில்லை, நாளைக்கு வெளியூர், அந்த பில்லில் சந்தேகம் இருக்கிறது, இப்படியே போய்க்கொண்டிருந்தது. டேங்க் ஆபரேட்டர் சம்பளமும் அதே மாதிரி நின்றது. அந்த அம்மா பில்லை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மனு கொடுக்க கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். தலைவர்! ஊரே ஓட்டுப் போட்ட தலைவர், கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறார். அடுத்த மோட்டார் ரிப்பேருக்குக் கூப்பிட்டபோது, பழைய பாக்கியைக் கொடுங்கள், அப்புறம் வருகிறேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

கூட்டுக் கையெழுத்து வைத்தது நல்ல எண்ணத்தில்தான், பணத்தை ஒரே ஆள் எடுத்துவிடக் கூடாது என்று. ஆனால் தலைவர் பட்டியலினத்தவராகவோ பெண்ணாகவோ இருக்கிற ஊரில் அந்தக் கையெழுத்தை வைத்தே தலைவரை மண்டியிட வைக்கிறார்கள். எல்லா ஊரிலும் இல்லை. நல்ல துணைத் தலைவர்கள் இருக்கிறார்கள், தலைவர் முறைகேடு செய்யப் பார்த்தபோது கையெழுத்து மறுத்து ஊர்ப் பணத்தைக் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், துணைப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழியும் தலைவருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழியும் வேறு வேறாக இருந்தால் அடி வாங்குவது பலவீனமான ஆள்தான்.

கிருஷ்ணகிரி வக்கீல்:

பென்னாகரம் நண்பர் சொன்னதற்குச் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் மாவட்ட கலெக்டர்தான், 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. காரணம் இல்லாமல் கையெழுத்து மறுத்தால் விசாரித்து, செக் பவரை மாற்றிவிட்டு வேலையை நடக்க வைக்கலாம், அப்படிப் பல ஊரில் உத்தரவு வந்திருக்கிறது. அதற்கு மனு எழுதும்போது எந்தத் தேதியில் எந்த பில், என்ன தொகை, எப்போது கையெழுத்துக்குக் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி ஊராட்சித் தீர்மான நகலோடு கொடுக்க வேண்டும். பொதுவாக ஒத்துழைப்பு இல்லை என்று எழுதினால் நிற்காது.

இனி மாணவரின் முதல் வரிக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 163, 164 பிரிவுகளில் முதலமைச்சர் இருக்கிறார், மற்ற அமைச்சர்கள் இருக்கிறார்கள். துணை முதலமைச்சர் இல்லை. அதனால் அவர் சட்டப்படி ஒரு அமைச்சர், அவ்வளவுதான். 1989-ல் தேவிலால் துணைப் பிரதமர் என்று சொல்லிப் பதவிப் பிரமாணம் எடுத்ததை எதிர்த்து வழக்கு வந்தபோது உச்ச நீதிமன்றம், அது வெறும் பெயர், அவர் அமைச்சர்தான், அந்தப் பெயரைச் சொன்னதால் பிரமாணம் செல்லாமல் போகாது என்றது. 2024 பிப்ரவரியில் மாநிலங்களில் துணை முதல்வர்களை நியமிப்பதை எதிர்த்து வந்த மனுவையும் அதே காரணத்தைச் சொல்லித் தள்ளுபடி செய்தது.

தமிழ்நாட்டில் 2009 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல் துணை முதல்வர் ஆனார், 2017 ஆகஸ்டில் ஓ. பன்னீர்செல்வம், 2024 செப்டம்பரில் உதயநிதி ஸ்டாலின். மூன்று பேரையும் அந்தப் பதவிக்கென்று மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, எம்எல்ஏவாகத் தேர்ந்தெடுத்தார்கள், முதலமைச்சர் பரிந்துரைத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலமைச்சரால் வேலை பார்க்க முடியாத நிலை வந்தபோது நம் மாநிலத்தில் துணை முதல்வர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. 1984 அக்டோபரில் எம்ஜிஆர் உடல்நலம் குன்றியபோது பொறுப்புகளைப் பார்த்தவர் அமைச்சர் நெடுஞ்செழியன். 2016 அக்டோபர் 11 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவருடைய துறைகளை ஆளுநர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கினார், முதலமைச்சராக ஜெயலலிதாவே நீடித்தார், பன்னீர்செல்வத்துக்கு அப்போது துணை முதல்வர் என்ற பெயர் கிடையாது.

ஒசூர் சிப்காட்:

வக்கீல் சார் சொன்னதைப் படித்ததும் 2017 பிப்ரவரி நினைவுக்கு வந்தது. அப்போது தமிழ்நாட்டுக்கும் பொறுப்பு ஆளுநர் மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ்தான். பிப்ரவரி 7 இரவு பன்னீர்செல்வம் மெரினாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது முதல் மாநிலமே தலைகீழானது, ஆளுநர் மும்பையில். 9-ஆம் தேதிதான் சென்னை வந்தார். மாநிலத்துக்கு வெளியே இருந்தாலும் ஆளுநர் ஆளுநர்தான், கையெழுத்துப் போட வேறு ஆள் கிடையாது. கலிபோர்னியா விதி நமக்கு இருந்திருந்தால் அந்த இரண்டு நாளில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் பென்னாகரம் அண்ணன் சொன்ன முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. தனித் தேர்தல் வைத்தால் பலவீனமானவர் அடி வாங்குவார் என்கிறீர்கள். நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. வர்ஜீனியா மாநிலம், 1985. அடிமைகளாக இருந்தவர்களின் பேரன் டக்ளஸ் வைல்டர் துணைக் கவர்னர் பதவிக்கு நின்றார். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட பக்கத்தின் தலைநகரமே அந்த மாநிலத்து ரிச்மண்ட்தான், இவர் பிறந்ததும் அதே ரிச்மண்டில். கறுப்பினத்தவரை நிறுத்தினால் மற்ற வேட்பாளர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே பயந்தார்கள். அவர் காரை எடுத்துக்கொண்டு, கறுப்பினத்தவர் மிகக் குறைவாக இருக்கிற தென்மேற்கு மலைப்பகுதியிலிருந்து ஆரம்பித்து மாநிலம் முழுக்கச் சுற்றினார். டிவி விளம்பரத்தில் நாட்டுப்புறப் பேச்சுப் பேசும் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் இவருக்காக ஓட்டுக் கேட்டார். ஏறத்தாழ 52 சதவீத ஓட்டில் ஜெயித்தார், தோற்றவர் ஜான் சிசெஸ்டர் என்ற செனட்டர்.

நாலு வருஷம் கழித்து 1989-ல் அதே வைல்டர் கவர்னர் தேர்தலில் நின்று, 7,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். அமெரிக்க வரலாற்றிலேயே மக்கள் ஓட்டில் கவர்னர் ஆன முதல் கறுப்பினத்தவர். அந்த மாநிலத்தில் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை கவர்னராக முடியாது, அதனால் துணைப் பதவியில் இருப்பவர் மேல் எல்லோருக்கும் கண் இருக்கும். 1985-ல் அந்தப் பதவியை மேலே இருக்கிறவர் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்திருந்தால் வைல்டருக்குக் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. மக்களிடம் போய்க் கேட்டதால் கிடைத்தது.

பென்னாகரம் ரோடு:

வைல்டர் கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது மொத்த மாநிலமும் ஓட்டுப் போட்ட தேர்தல். நான் சொல்வது ஒன்பது வார்டு உறுப்பினர்கள் ஒரு அறைக்குள் முடிவு செய்வது. முந்தின நாளே ஆட்களை வேனில் ஏற்றி எங்கேயோ தங்கவைத்து, காலையில் நேராக ஓட்டுப் போடக் கூட்டிவருகிறதை நாம் பார்க்காததா? துணைத் தலைவரையும் ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும், அல்லது செக்கில் கையெழுத்துப் போட ஊராட்சிச் செயலரையோ வேறு அதிகாரியையோ வைக்கட்டும். இரண்டில் ஒன்று செய்தால் எனக்குச் சம்மதம். ஊருக்குப் பதில் சொல்ல வேண்டாத ஆளிடம் ஊர்ப் பணத்தின் பூட்டைக் கொடுப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

அரூர் வாத்தியார்:

இடையில் ஒன்று. துணைத் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுத்தாலும் எதிர்க் கோஷ்டி ஆள் வர வாய்ப்பு இருக்கிறது, கர்ப் வந்த மாதிரி. அப்போது அவர், எனக்கும் ஊரே ஓட்டுப் போட்டது, நீ யார் என்னைக் கேட்க என்பார். இன்னும் மோசமாகலாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் செய்கிற மாதிரி தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேரும் ஒரே ஜோடியாக நின்றால் இந்தச் சண்டை குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவர் பதவி தனித் தொகுதி என்றால் துணையாக யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்யலாம்.

பென்னாகரம் ரோடு:

வாத்தியாரே, ஜோடி யோசனை பரவாயில்லை. ஆனால் அந்தத் தலைவரை நிறுத்தியதே பெரிய குடும்பம் என்றால் ஜோடியையும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். அதற்கும் ஒரு வழி யோசிக்க வேண்டும்.

பாலக்கோடு மாணவன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் ஒரே இடத்தில் எனக்கு எங்கும் கிடைத்திருக்காது. வக்கீல் சாரிடம் கடைசியாக ஒரு சந்தேகம். நம் மாநிலத்தில் முதலமைச்சர் ராஜினாமா செய்தாலோ இறந்துபோனாலோ துணை முதல்வர் தானாகவே முதல்வர் ஆவாரா? அமெரிக்காவில் கவர்னர் பதவி காலியானால் துணைக் கவர்னர் அப்படியே ஏறிவிடுகிறார் என்று படித்தேன்.

கிருஷ்ணகிரி வக்கீல்:

ஆக மாட்டார். முதலமைச்சர் ராஜினாமா செய்தாலோ காலமானாலோ அவரோடு மொத்த அமைச்சரவையும் போய்விடும், துணை முதல்வர் பதவியும் அதோடு சேர்த்துத்தான். பெரும்பான்மை யாருக்கு இருக்கிறது என்று பார்த்து ஆளுநர் புதிதாக ஒருவரை நியமிப்பார். 1987 டிசம்பர் 24 அன்று எம்ஜிஆர் காலமானதும் நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வராக இருந்தார், 1988 ஜனவரி 7 அன்று ஜானகி அம்மாள் முதல்வர் ஆனார், இரண்டாம் இடத்தில் இருந்தவருக்கு நாற்காலி தானாக வரவில்லை. தேர்வில் இது கேட்டால் 164-ஆவது பிரிவை எழுதுங்கள், துணை முதல்வர் பற்றி 2024 தீர்ப்பையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.